நோபல் பரிசு கிடைக்காத வேதியியல் மேதை: மூலக்கூறுகளின் வடிவத்துக்கு விதை போட்ட கில்பர்ட் லூயிஸ் யார்?

பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அந்தப் புள்ளிகள் ஞாபகம் இருக்கும். நடுவில் தனிமத்தின் குறியீடு, அதைச் சுற்றி இரண்டிரண்டாகப் புள்ளிகள். மேலே லூயிஸ் அமைப்பு என்று தலைப்பு. வரைந்தோம், மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம்.

அந்த லூயிஸ் யார் என்று பெரும்பாலும் யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. நோபல் பரிசுக்கு 40 தடவைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு தடவைகூடப் பரிசு வாங்காதவர். 1946ஆம் ஆண்டு, தன் ஆய்வுக்கூடத்திலேயே இறந்து கிடந்தவர். அவரிடம் படித்தவர்கள், அவருடைய துறையில் வளர்ந்தவர்கள் என ஐந்து பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள்.

தண்ணீர் மூலக்கூறு ஏன் வளைந்து இருக்கிறது? கார்பன் டை ஆக்சைடு ஏன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு இன்று நாம் சொல்லும் பதில், அந்த இரண்டிரண்டு புள்ளிகளில் இருந்துதான் தொடங்குகிறது.

மூலக்கூறுக்கு வடிவம் எதுக்கு?

லூயிஸின் கதைக்குப் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தண்ணீரில் ஒரு ஆக்சிஜன் அணு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். கார்பன் டை ஆக்சைடில் ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். இரண்டுமே மூன்று அணுக்கள் கொண்டவை. ஆனால் தண்ணீர் மூலக்கூறு 104.5 டிகிரி கோணத்தில் மடங்கி இருக்கும். கார்பன் டை ஆக்சைடு 180 டிகிரி, நேர்கோடு.

மடங்கி இருப்பதால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசாக எதிர்மின் தன்மையும், இன்னொரு பக்கம் லேசாக நேர்மின் தன்மையும் வந்துவிடுகிறது. அதனால் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண வெப்பநிலையில் அது திரவமாக இருப்பதும், உப்பைக் கரைப்பதும் இந்தப் பிடிப்பால்தான். கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், அது வாயுவாகவே சுற்றுகிறது. தண்ணீரும் நேர்கோடாக இருந்திருந்தால் சொம்பில் மோந்து குடிக்க ஒன்றும் இருந்திருக்காது.

சரி, யார் மடக்கிவிட்டது? அதற்குத்தான் லூயிஸ் வேண்டும்.

வீட்டிலேயே படித்த பையன்

கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1875ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது பையனுக்கு 9 வயது. மூன்று வயதிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டவனை அப்பா அம்மா பள்ளிக்கு அனுப்பவில்லை. பதின்ம வயது வரும் வரை வீட்டில்தான் பாடம்.

பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், அங்கிருந்து ஹார்வர்டு. 1896இல் பட்டம், ஒரு வருஷம் பள்ளி ஆசிரியர் வேலை, 1899இல் தியோடர் ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியரிடம் பிஎச்.டி. ரிச்சர்ட்ஸ் பின்னாளில் நோபல் வாங்கியவர். அணு எடைகளைத் துல்லியமாக அளப்பதில் பெயர் பெற்றவர். அளந்து பார்க்க முடியாத விஷயங்களைப் பற்றிக் கற்பனை செய்வது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. லூயிஸுக்கோ அதுதான் பிடித்தது.

நடுவில் ஜெர்மனிக்குப் போய் ஆஸ்ட்வால்டு, நெர்ன்ஸ்ட் என்ற இரண்டு பெரும் புள்ளிகளிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். நெர்ன்ஸ்ட்டுடன் அங்கே தொடங்கிய உரசல் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. இது பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1902: தாளில் கிறுக்கிய கனசதுரம்

எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதை ஜே.ஜே. தாம்சன் காட்டியது 1897இல். அணுவுக்கு நடுவில் கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு சொன்னது 1911இல். இந்த இரண்டுக்கும் நடுவில், 1902இல், ஹார்வர்டில் இளம் ஆசிரியராக இருந்த லூயிஸ் மாணவர்களுக்குத் தனிம அட்டவணையை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்து ஒரு தாளில் சில பெட்டிகளை வரைந்தார்.

பெட்டி என்றால் கனசதுரம், நம் தாயக்கட்டையில் சதுரமான ரகம் இருக்குமே, அது மாதிரி. அதற்கு எட்டு மூலைகள். அணுவின் வெளி எலக்ட்ரான்கள் இந்த மூலைகளில் உட்கார்ந்திருப்பதாக அவர் வைத்துக்கொண்டார். சோடியத்துக்கு ஒரு மூலையில் மட்டும் எலக்ட்ரான், குளோரினுக்கு ஏழு மூலைகளில். சோடியம் தன்னிடம் இருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால் குளோரினுக்கு எட்டும் நிரம்பிவிடும். உப்பு உருவாவதற்கு இதைவிட எளிமையான விளக்கம் கிடையாது.

ஆனால் அதை அவர் வெளியிடவில்லை. ஹார்வர்டில் இந்த மாதிரி ஊகங்களுக்கு வரவேற்பு இல்லை. தாள் மடித்து வைக்கப்பட்டது. 14 வருஷம் அப்படியே இருந்தது.

1904இல் திடீரென்று பிலிப்பைன்ஸ் போனார். மணிலாவில் எடை அளவைகளைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்துக்குத் தலைமை அதிகாரி வேலை. ஹார்வர்டில் படித்தவர் தராசும் படிக்கல்லும் பார்க்கப் போனது ஏன் என்று தோன்றலாம். ஹார்வர்டின் சூழல் அவருக்கு ஒத்துவரவில்லை என்பது மட்டும் பின்னாளைய வாழ்க்கையில் இருந்து தெளிவாகத் தெரிகிறது. ஒரு வருஷத்தில் திரும்பி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். மணிலாவில் இருந்து அவர் கொண்டுவந்தவற்றில் கடைசி வரை கூடவே இருந்தது சுருட்டுப் பழக்கம்.

பெர்க்லியில் ஒரு மேஜை

1912இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேதியியல் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். கல்யாணமும் அதே வருஷம்தான். அப்போது பெர்க்லி அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருந்த, பெரிதாகப் பேசப்படாத இடம். அதை உலகத்தின் முன்னணி வேதியியல் துறைகளில் ஒன்றாக மாற்றியது லூயிஸ்.

எப்படி மாற்றினார் என்பதில் ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. வாரம் ஒரு நாள் எல்லோரும் ஒரு அறையில் கூடுவார்கள். நடு மேஜையில் பேராசிரியர்கள், சுற்றிலும் மாணவர்கள். லூயிஸ் கையில் சுருட்டு புகைந்துகொண்டிருக்கும். யாராவது ஒருவர் தன் ஆய்வைப் பற்றிப் பேசுவார், யார் வேண்டுமானாலும் குறுக்கே கேட்கலாம். முதல் வருஷ ஆராய்ச்சி மாணவன் பேராசிரியரை மறுத்துப் பேசினாலும் தப்பில்லை. நம் ஊர்க் கல்லூரிகளில் இன்றைக்குக்கூட இதைக் கொஞ்சம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

1916: ஜோடி வந்தது

அந்தச் சூழலில்தான் 14 வருஷத்துக்கு முந்தைய பெட்டிகளை மறுபடி வெளியே எடுத்தார். 1916இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் அணுவும் மூலக்கூறும் என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாம் வரையும் புள்ளிப் படம் அந்தக் கட்டுரையில் இருந்து வந்ததுதான்.

சோடியம் குளோரைடில் ஒரு அணு கொடுக்கிறது, இன்னொன்று வாங்குகிறது, சரி. ஆனால் ஹைட்ரஜன் வாயுவில் இரண்டுமே ஹைட்ரஜன். யார் கொடுப்பது, யார் வாங்குவது? ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள் என்றார் லூயிஸ். அந்தப் பொது ஜோடிதான் பிணைப்பு. அதுவரை வேதியியலாளர்கள் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சும்மா ஒரு கோடு போட்டு வந்தார்கள், அந்தக் கோடு உண்மையில் என்ன என்று யாருக்கும் தெரியாது. கோடு என்பது இரண்டு எலக்ட்ரான்கள் என்று அவர் சொன்ன பிறகு அதற்கு ஒரு பொருள் வந்தது.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எலக்ட்ரான்கள் எல்லாமே எதிர்மின் சுமை கொண்டவை. ஒரே சுமை ஒன்றையொன்று தள்ளும், இது பள்ளிப் பாடம். அப்படி இருக்க இரண்டு எலக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேரும்? இயற்பியலாளர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரிந்தது. லூயிஸ் பின்வாங்கவில்லை. மிகக் குறுகிய தூரத்தில் அந்தத் தள்ளும் விதியே வேறு மாதிரி இருக்கலாமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் தப்பு. ஆனால் ஜோடி சரி.

அவர் கையில் இருந்த ஆதாரம் ரொம்பச் சாதாரணமானது. அவர் எலக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தார். தெரிந்த மூலக்கூறுகளை எடுத்து எலக்ட்ரான்களைக் கூட்டினால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இரட்டைப்படை எண்தான் வருகிறது. ஒற்றைப்படை வருவது நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடியவற்றில் மட்டும். ஜோடி சேர்வதில் இயற்கைக்கு ஏதோ ஒரு விருப்பம் இல்லாமல் இப்படி வராது என்பது அவர் வாதம். ஏன் அப்படி என்பதற்குப் பதில் 1925இல்தான் கிடைத்தது. எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்ற பண்பு உண்டு, ஒரே இடத்தில் எதிரெதிர்ச் சுழற்சி உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. பௌலி என்ற இயற்பியலாளரின் தவிர்க்கைத் தத்துவம் இது. லூயிஸ் ஒன்பது வருஷம் முன்பே எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்தப் பக்கம் போயிருந்தார்.

பெட்டி உடைந்த இடம்

வடிவம் உள்ளே வந்ததும் அதே கட்டுரையில்தான்.

இரண்டு பெட்டிகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் இரண்டு மூலைகள் பொதுவாகும், அதாவது ஒரு ஜோடி, ஒற்றைப் பிணைப்பு. முகத்தோடு முகம் ஒட்டினால் நான்கு மூலைகள், இரட்டைப் பிணைப்பு. முப்பிணைப்புக்கு ஆறு மூலைகள் பொதுவாக வேண்டும். இரண்டு கனசதுரங்களை எப்படி வைத்தாலும் ஆறு மூலைகளைப் பங்கிட முடியாது. தாயக்கட்டை இரண்டை வைத்து நீங்களே முயன்று பாருங்கள். ஆனால் அசிட்டிலீனில் முப்பிணைப்பு இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் எரியும் அதே வாயுதான்.

லூயிஸ் தன் பெட்டியைத் தானே உடைத்தார். எட்டு மூலைகளில் தனித்தனியாக இருந்த எலக்ட்ரான்களை நான்கு ஜோடிகளாக ஒன்றுசேர்த்தார். நான்கு ஜோடிகளையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தால் வருவது நான்முகி, அதாவது நான்கு முக்கோணங்களால் மூடிய பிரமிடு. இரண்டு நான்முகிகள் மூலையில் தொட்டால் ஒற்றைப் பிணைப்பு, விளிம்பில் ஒட்டினால் இரட்டை, முகத்தோடு முகம் ஒட்டினால் மூன்று. முப்பிணைப்புக்கு வழி கிடைத்துவிட்டது.

கார்பனின் நான்கு கைகளும் நான்முகி மூலைகளை நோக்கி நீள்கின்றன என்பதை வாண்ட் ஹாஃப் என்ற டச்சுக்காரர் 1874லேயே சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு வயது 22. ஏன் அப்படி நீள்கின்றன என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. ஜோடிகள்தான் காரணம் என்ற இடத்துக்கு வேதியியலைக் கொண்டுவந்தது லூயிஸின் கட்டுரை.

பெயரை வாங்கிப்போன லாங்மியூர்

கட்டுரை வந்த கொஞ்ச நாளில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. லூயிஸ் ராணுவத்தில் மேஜராக பிரான்ஸ் போனார். நச்சு வாயுத் தாக்குதலில் இருந்து வீரர்களைக் காக்கும் பயிற்சி அவர் பொறுப்பு. அந்த வேலைக்காகப் பதக்கங்களும் வாங்கினார்.

அவர் திரும்பி வந்தபோது அவருடைய கருத்து இன்னொருவர் வாயில் பிரபலமாகி இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். வாயு நிரப்பிய மின்பல்பை உருவாக்கியவர், நன்றாகப் பேசுபவர். 1919இல் லூயிஸின் கருத்தை எடுத்து விரித்து எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சகப்பிணைப்பு, எண்மம் என்று நாம் பாடத்தில் படிக்கும் சொற்களின் ஆங்கில மூலங்கள் லாங்மியூர் வைத்தவை. லூயிஸின் பெயரை அவர் மறைக்கவில்லை, சொல்லித்தான் தொடங்கினார். ஆனாலும் கேட்டவர்கள் அதை லாங்மியூர் கொள்கை என்றார்கள், கொஞ்சம் நியாயமானவர்கள் லூயிஸ்-லாங்மியூர் கொள்கை என்றார்கள். கூச்ச சுபாவம் கொண்ட, மேடைப் பேச்சு வராத லூயிஸுக்கு அது கடைசி வரை ஆறாத வருத்தம்.

எனக்கு இதில் பெயர்ச் சண்டையைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. லாங்மியூர் முன்னால் நிறுத்தியது எட்டு என்ற எண்ணை. லூயிஸோ 1923இல் எழுதிய புத்தகத்தில், எட்டைவிட இரண்டுதான் அடிப்படையானது என்று வாதிட்டார். அணுவைச் சுற்றி எட்டு இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம், ஜோடி சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதில் யார் பக்கம் சரி என்பது தெரிய இன்னும் 40 வருஷம் ஆனது.

அதே 1923இல் அமிலம், காரம் இரண்டுக்கும் புது வரையறை கொடுத்தார். ஜோடியைத் தருவது காரம், ஜோடியை வாங்கிக்கொள்வது அமிலம். போரான் டிரைஃபுளூரைடு மூலக்கூறு தட்டையாக, 120 டிகிரி கோணங்களோடு இருக்கும். அதில் போரானைச் சுற்றி மூன்று ஜோடிகள்தான். அம்மோனியா தன்னிடம் சும்மா இருக்கும் ஒரு ஜோடியை அதற்குக் கொடுத்தால் நான்காகிவிடும். உடனே தட்டை வடிவம் போய், போரானைச் சுற்றி நான்முகி அமைப்பு வந்துவிடும்.

ஐந்து பேர் வாங்கினார்கள், இவர் வாங்கவில்லை

லூயிஸ் ஒரு விஷயத்தோடு நிற்கிற ஆள் இல்லை. வெப்ப இயக்கவியலில் மெர்ல் ராண்டலுடன் சேர்ந்து 1923இல் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். ஒளித்துகளுக்கு ஃபோட்டான் என்ற பெயரை 1926இல் முன்வைத்து அதைப் பரவச் செய்ததும் அவரே. அவர் மனதில் வைத்திருந்த பொருள் வேறு, அந்தப் பொருளை உலகம் ஏற்கவில்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது.

1933இல் தூய கனநீரைப் பிரித்தெடுத்தார். புகையிலை விதைகளைப் போட்டுப் பார்த்தார், முளைக்கவில்லை. ஒரு எலிக்கும் கொடுத்துப் பார்த்தார். ஆனால் கனநீரில் இருக்கும் கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934இல் நோபல் கிடைத்தது ஹரால்டு யூரேக்கு. லூயிஸின் பெர்க்லியில் 1923இல் பிஎச்.டி. முடித்தவர் அவர். அதே 1934இல் லூயிஸ் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் இருந்து விலகினார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1932இல், லாங்மியூருக்கும் நோபல் கிடைத்திருந்தது. பிணைப்புக் கொள்கைக்கு இல்லை, பரப்பு வேதியியலுக்கு. யூரேவைத் தொடர்ந்து ஜியாக் 1949இல், சீபோர்க் 1951இல், லிபி 1960இல், கால்வின் 1961இல் என பெர்க்லி ஆட்கள் வரிசையாகப் பரிசு வாங்கினார்கள். சீபோர்க் பிஎச்.டி. முடித்த கையோடு லூயிஸுக்கே உதவியாளராக இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்.

லூயிஸுக்கு மட்டும் ஏன் இல்லை? அறிவியல் வரலாற்று ஆய்வாளர்கள் ஸ்வீடன் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது பழைய உரசல் ஒன்று தென்பட்டது. நோபல் வேதியியல் குழுவில் இருந்த வில்ஹெல்ம் பால்மேர் நெர்ன்ஸ்ட்டின் நண்பர். வெப்ப இயக்கவியலில் லூயிஸின் பணி பரிசுக்கு உரியது அல்ல என்று அறிக்கை எழுதியவர் அவர். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜோடி என்பது 1916இல் ஒரு ஊகம், பின்னர் குவாண்டம் இயற்பியல் அதை நிரூபித்தபோது பெருமை அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு பக்கமும் இவருக்கு நஷ்டம்.

1946, மார்ச் 23

அன்று லாங்மியூர் கௌரவப் பட்டம் வாங்க பெர்க்லி வந்திருந்தார். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டதாகவும், லூயிஸ் முகம் வாடித் திரும்பி வந்ததாகவும் உடன் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். வழக்கம்போல் சக பேராசிரியர்களோடு கொஞ்ச நேரம் சீட்டாடிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது தரையில் இறந்து கிடந்தார். வயது 70.

அவர் வேலை செய்துகொண்டிருந்தது திரவ ஹைட்ரஜன் சயனைடு வைத்து. கடுமையான விஷம். கண்ணாடிக் குழாய் உடைந்து அறையில் அந்த வாயு கசிந்திருந்தது. ஆனால் மருத்துவர்கள் சொன்ன காரணம் இதய நோய். நெஞ்சுவலி வந்து விழும்போது குழாய் உடைந்ததா, குழாய் உடைந்ததால் விழுந்தாரா? தானே உயிரை மாய்த்துக்கொண்டாரோ என்று பின்னாளில் சிலர் எழுதினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அந்த மதிய உணவை வைத்து மட்டும் கதை கட்டுவது சரியாகப் படவில்லை.

ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளினால்...

லூயிஸ் இறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே, 1940இல், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சிட்விக், பவல் என்ற இருவர் லண்டன் ராயல் சொசைட்டி உரை ஒன்றில் அதுவரை தெரிந்த மூலக்கூறு வடிவங்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நடு அணுவைச் சுற்றி எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணினாலே வடிவத்தைச் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. ஜப்பானில் ட்சுசிடா என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். 1957இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த கில்லெஸ்பி, நைஹோம் இருவரும் இதற்கு முழு உருவம் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் வி.எஸ்.இ.பி.ஆர். கொள்கை என்று வருவது இதுதான். நீட், ஜே.இ.இ. எழுதுபவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தெரியும்.

பலூன் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பலூன்களை ஊதி வாயோடு வாய் கட்டுங்கள், எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொள்ளும். மூன்று கட்டினால் தட்டையான முக்கோணம். நான்கு கட்டினால் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் அதுவாகவே நான்முகியாக நிற்கும். பலூன்கள் இடத்துக்காகத் தள்ளிக்கொள்கின்றன. எலக்ட்ரான் ஜோடிகளும் அப்படித்தான். இதில் மின்சுமை தள்ளுவது ஒரு பங்குதான், ஒரு ஜோடி இருக்கும் இடத்தில் இன்னொரு ஜோடி நுழைய முடியாது என்ற பௌலியின் விதிக்குத்தான் பெரிய பங்கு என்று கில்லெஸ்பி திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

இப்போ தண்ணீருக்கு வருவோம். ஆக்சிஜனைச் சுற்றி நான்கு ஜோடிகள். இரண்டு ஜோடி ஹைட்ரஜன்களைப் பிடித்திருக்கிறது, இரண்டு ஜோடி யாரையும் பிடிக்காமல் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் ஜோடியை இழுத்துப் பிடிக்க ஒரே ஒரு அணுக்கருதான், அதனால் அது கொஞ்சம் பருத்த பலூன் மாதிரி அதிக இடம் எடுத்துக்கொள்ளும். மீத்தேனில் அப்படி எதுவும் இல்லை, கோணம் 109.5 டிகிரி. அம்மோனியாவில் ஒன்று, கோணம் சுமார் 107. தண்ணீரில் இரண்டு, 104.5. கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஜோடிகள் அழுத்துவதால்தான் தண்ணீர் மடங்கி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் கார்பனில் சும்மா இருக்கும் ஜோடி கிடையாது, இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு, அதனால் நேர்கோடு. லூயிஸின் கடைசி நாளில் கசிந்த ஹைட்ரஜன் சயனைடும் இதே காரணத்தால் நேர்கோட்டு மூலக்கூறுதான்.

லூயிஸ் எண்ணிப் பார்த்து ஒதுக்கி வைத்த ஒற்றைப்படை மூலக்கூறை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். நைட்ரஜன் டை ஆக்சைடில் நைட்ரஜன் மேல் ஜோடி சேராத ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறது, கோணம் சுமார் 134 டிகிரி. அந்த எலக்ட்ரானையும் எடுத்துவிட்டால் மூலக்கூறு நிமிர்ந்து 180 டிகிரி ஆகிவிடும். இன்னொரு எலக்ட்ரானைக் கொடுத்து ஜோடி ஆக்கினால் கோணம் சுருங்கி 115க்கு வந்துவிடும். ஒற்றை எலக்ட்ரான் கொஞ்சம்தான் தள்ளும், ஜோடி நன்றாகத் தள்ளும்.

புள்ளிப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கு இரட்டைப் பிணைப்பு போட்டால் எல்லாப் புள்ளிகளும் ஜோடியாகிவிடும். ஆனால் திரவ ஆக்சிஜன் காந்தத்தில் ஒட்டும், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உள்ளே இருக்கின்றன. அதற்கு வேறு கொள்கை வேண்டும்.

எட்டா, இரண்டா?

லாங்மியூரின் எட்டுக்கும் லூயிஸின் இரண்டுக்கும் இடையிலான கணக்கு 1962க்குப் பிறகு தீர்ந்தது. அந்த வருஷம் நீல் பார்ட்லெட் செனான் வாயுவை ஒரு சேர்மத்துக்குள் கொண்டுவந்தார். எட்டு எலக்ட்ரான் நிரம்பியது, யாரோடும் சேராது என்று ஒதுக்கப்பட்டிருந்த தனிமம் அது. வரிசையாக செனான் டைஃபுளூரைடு, டெட்ராஃபுளூரைடு என்று வந்தன. இவற்றில் செனானைச் சுற்றி எட்டைத் தாண்டிப் பத்து, பன்னிரண்டு எலக்ட்ரான்கள் எண்ண வேண்டியிருந்தது. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும், சல்பர் ஹெக்சாஃபுளூரைடும் ஏற்கெனவே இதே தொல்லையைக் கொடுத்தவைதான்.

ஜோடியாக எண்ணினால் தொல்லை இல்லை. டைஃபுளூரைடில் ஐந்து ஜோடி, அதில் மூன்று சும்மா இருப்பவை நடுவில் வளையமாக உட்காரும், மூலக்கூறு நேர்கோடு. டெட்ராஃபுளூரைடில் ஆறு ஜோடி, இரண்டு சும்மா இருப்பவை மேலும் கீழும், மூலக்கூறு தட்டையான சதுரம். சோதனையிலும் அப்படியே இருந்தது. ஹெக்சாஃபுளூரைடில் ஏழு ஜோடி வரும். ஆறு ஃபுளூரின் இருப்பதால் அது ஒழுங்கான எண்முகியாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஏழாவது ஜோடி சும்மா விடாது, வடிவம் கோணலாகத்தான் இருக்கும் என்றார் கில்லெஸ்பி. வாயு நிலையில் அளந்து பார்த்தபோது கோணலாகத்தான் இருந்தது.